நாற்பத்தெட்டு கிலோ

பஞ்சாட்சரம் மறுபடியும் சரிந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் கை வளைந்தது. சித்தப்பா சுந்தரமூர்த்தி, தன் அண்ணனின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“இதுல நிக்கல. வேற சேர் எதனா கொண்டாங்க.”

அவர்கள் குல வழக்கப்படி இறந்தவரைப் படுக்க வைப்பதில்லை. உட்கார்த்தித்தான் மாலை போடுவார்கள், உட்கார்த்தித்தான் புதைப்பார்கள். உடம்பு விறைப்பதற்குள் செய்ய வேண்டும். காலையில் இதே நாற்காலியில்தான் உயிர் போயிருந்தது. மூன்று மாதமாக அவரால் படுக்க முடியவில்லை. முதுகு விடவில்லை.

மகள் சோபனா உள்ளறைக்குப் போனாள். மேசைக்கு முன்னால் அவளுடைய நாற்காலி இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்ய பெங்களூர் கம்பெனி அனுப்பியது. உடம்பு அசைவதற்கு ஏற்ப அதுவும் அசையும்.

போன மாதம் அப்பா இந்த அறையின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்ச நேரம் குந்திக்கட்டாம்மா?”

அவள் மீட்டிங்கில் இருந்தாள்.

“அப்புறம்ப்பா. செட்டிங் மாறிடும்.”

தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு கேட்கவில்லை.

நாற்காலியைக் கூடத்துக்கு உருட்டி வந்தாள். ஷூ கம்பெனியில் அப்பாவோடு வேலை செய்த ஃபஹீம், சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து முட்டுக்கொடுத்தார்.

“முப்பது வருஷம் தையல் மிஷின்ல வெறும் ஸ்டூலு. இப்ப பாரு, தோஸ்த்துக்கு மேனேஜர் சேரு. எழுந்து வேலை சொல்லப்போறான்.”

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தூக்கி உட்கார வைத்தார்கள். சாய்மானம் அவரை முன்னால் தள்ளியது. தலை தொங்கியது.

“கயிறு போட்டு இறுக்கிடலாம்,” என்றார் சித்தப்பா.

“வேணாம் சித்தப்பா. எனக்கு டைட்டா வச்சது. அப்பாவுக்கு வச்சுடறேன்.”

“இப்ப இன்னாத்துக்கும்மா? ஆளுங்க நிக்கறாங்க.”

சோபனா தரையில் உட்கார்ந்தாள். இருக்கைக்கு அடியில் ஒரு திருகு. உட்காருபவரின் எடைக்குத் தக்கபடி அதை வைக்க வேண்டும்.

“அம்மா, அப்பா எத்தினி கிலோ?”

சம்பூர்ணம் சுவரோரம் இருந்தாள்.

“ஆஸ்பத்திரில நாப்பத்தெட்டுன்னாங்க. அது தீபாவளிக்கு முன்ன.”

சோபனா தன்னுடைய எழுபதுக்கு வைத்திருந்தாள். தளர்த்தத் தொடங்கினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அப்பாவின் முதுகு கொஞ்சம் பின்னால் போனது. தோள்கள் இறங்கின. பின்தலை மெத்தையில் பட்டது.

சித்தப்பா கையை எடுத்துப் பார்த்தார். அண்ணன் சரியவில்லை.

“நின்னுடுச்சு. எழுந்திரும்மா, மாலை போடணும்.”

“இன்னும் அரை சுத்து.”

திருகினாள். நிறுத்தினாள். கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

சித்தப்பா வாசலுக்குப் போய், மாலையோடு நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.