செலஸ்தீன் நின்ற இடம்

கஸ்பார் வாத்தியார் கடற்கரையை வரைந்து முடித்த மறுநாள், படத்தில் இல்லாதவர்களைக் கரைக்குள் விடுவதை நிறுத்தினார்கள். ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. படம் நன்றாக வந்திருந்தது. நீலக் கடல், சாய்ந்த இரண்டு தென்னைகள், கண் கூசும் வெயில்.

காலையில் பக்கத்து வீட்டு செலஸ்தீன் மீன் கூடையோடு வாசலில் நின்றாள். பதினோரு வருடமாக அந்தத் தென்னைகளுக்கு நடுவில்தான் அவள் கருவாடு காயப்போடுகிறாள்.

“கரையில எனக்கு எடமில்லன்னு சொல்லுதாவ, சாரே. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

கஸ்பாருக்குக் காது சுட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு அவளுடன் கரை அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலகத்துக்குள் முழங்காலளவு கடல் இருந்தது. அதிகாரி மேசைமேல் உட்கார்ந்திருந்தார். சுவரில் படம். தென்னைகளுக்கு நடுவே இருந்த வெள்ளையைப் பேனாவால் தொட்டார்.

“இது என்ன?”

“வெயில். வாட்டர் கலர்ல வெள்ளை பூசறதில்ல. தாளை அப்படியே விட்டுருவோம்.”

“நீங்க வரையும்போது இந்தம்மா அங்க இருந்தாவளா?”

இருந்தாள். கருவாடு படத்தைக் கெடுத்துவிடும் என்று கஸ்பார் நினைத்திருந்தார்.

“வெயில் ஜாஸ்தி. கவனிக்கல.”

செலஸ்தீன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். “பிரஷ் அலச நான்தானே தண்ணி குடுத்தேன், சாரே.”

அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார்.

“சரி, இப்பவே அவங்களைப் போட்டுருங்க. திரும்பிப் பாக்கக் கூடாது. அன்னைக்குப் பாத்ததை மட்டும் போடணும்.”

செலஸ்தீன் அவருக்குப் பின்னால் போய் நின்றாள். கஸ்பார் வரைந்தார். கூடை வந்தது. குடை வந்தது, கிழிசலோடு. சேலையின் மஞ்சள் கரைகூட வந்தது. முகம் வரவில்லை.

கண்ணை மூடிப் பார்த்தார். பதினோரு வருடத்துப் பக்கத்து வீட்டுக்காரி. அங்கேயும் வெறும் தாள்தான் இருந்தது. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்தார். கேட்கக் கூசியது.

“முகம் வரலியா, சாரே?”

கஸ்பார் பிரஷ்ஷை மறுபடி தண்ணீரில் அலசினார்.

“பரவால்ல. முதுகு காட்டி நிக்குத மாதிரி போட்டுருங்க.”

அப்படியே போட்டார். அதிகாரி முத்திரை குத்தினார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்பதற்காகக் கஸ்பார் கரைக்குப் போனார். செலஸ்தீன் மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். தென்னைப் பக்கமிருந்து வந்தவருக்கு அவள் முதுகு தெரிந்தது. சுற்றிக்கொண்டு அலைக்குள் இறங்கி, எதிரே போய் நின்றார்.

அங்கிருந்து பார்த்தாலும் முதுகுதான்.

“சாப்ட்டீங்களா, சாரே?” என்று கேட்டது முதுகு.