சும்மா ஒரு மாத்திரை

...ஆனாலும் வயிறு என்று ஒன்று இருப்பதை யாரும் ஒப்புக்கொள்வதே இல்லை, தலைவலி என்றால் நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறார்கள், முட்டி வலி என்றால் கேட்காமலே முட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது, வயிறு என்றால் மட்டும் கண்ணைத் தாழ்த்தி, குரலைத் தாழ்த்தி, ‘கொஞ்சம் செரிமானம் சரியில்ல’, அவ்வளவுதான், அந்த ஒரு மூட்டைக்குள் நெஞ்செரிச்சலும் வரும், நாலு நாளாகப் போகாததும் வரும், ஒரே நாளில் போய்க்கொண்டே இருந்ததும் வரும், அவிழ்த்துப் பிரித்து எடுப்பது நம் பாடு... என்று நினைத்தபடியே மருந்தாளுநர், நோயாளிகளுக்குக் காட்ட வைத்திருக்கும் பிளாஸ்டிக் இரைப்பையின் மூடியை மறுபடியும் பொருத்தினாள். அது மறுபடியும் விழுந்தது. வாசலில் ‘மருந்துப் பயன்பாட்டு ஆலோசனை உயர்மையம்’ என்று அறையைவிட அகலமான பலகை, போன மாதம்வரை உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைத்த இடம், திறப்பு விழாவில் மருத்துவமனை இயக்குநர் ‘இது ஒரு யுகத்தின் தொடக்கம்’ என்றார், கடைசி நாற்காலியை மட்டும் எங்கே கொண்டுபோவதென்று தெரியாமல் கதவுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டார்கள், அதனால் யுகத்தின் கதவு பாதிதான் திறக்கும், பருமனானவர்கள் ஒருக்களித்துத்தான் ஆலோசனை பெற வேண்டும். இருக்கட்டுமே, அவளுக்கு இந்த அறை பிடித்திருந்தது, நாற்காலி பிடித்திருந்தது, ஏன், இந்த ஓட்டை இரைப்பையைக்கூடப் பிடித்திருந்தது, மேலே வார்டில் நாளெல்லாம் மருந்தை எண்ணிக் கொடுப்பதற்கு இது எவ்வளவோ மேல், இங்கே ஆள் முகத்தைப் பார்த்துப் பேசலாம், பேசுவதில் தான் கெட்டிக்காரி என்று அவளுக்கே ஓர் எண்ணம், எண்ணம் என்ன எண்ணம், தீர்மானம்.

‘அமிலத்துக்கான மாத்திரையா, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, வெறும் வயித்துல. எரியுதேன்னு சாப்பிட்டு முடிச்சுட்டுப் போட்டா, வெள்ளம் வந்தப்புறம் அணை கட்டுற கதைதான்’, அணை என்று சொல்லும்போது கையைக் குறுக்கே நீட்டுவாள், அந்த இடத்தில் எல்லாருமே சிரிப்பார்கள், சிரிக்காதவர்களுக்காக இன்னொரு முறை நீட்டுவாள். சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் வைப்பாள். காலையில் வந்த தையல்காரம்மா அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, ‘எல்லாஞ் சரிதாங்க, நான் காலைல சாப்பிடறதே இல்லியே, எதுக்கு முன்னாடி போடறது?’ என்றாளே, அணையாவது வெள்ளமாவது. மலமிளக்கிப் பொடியைத் தண்ணீரில் கலக்காமல் அப்படியே வாயில் கொட்டிக்கொண்ட பேருந்து ஓட்டுநர், வயிற்றுப்போக்கு நின்றதுமே மிச்ச மாத்திரைகளை மைத்துனருக்குப் பரிசளித்துவிட்ட புகைப்படக்காரர்... எல்லாம் நல்ல மனிதர்கள், பொய் சொல்லத் தெரியாதவர்கள், ‘வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களா’ என்று கேட்டால் மட்டும் அத்தனை பேரும் ஒரே குரலில் ‘இல்ல’. பொய்யில்லை அது. மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது, தானே வாங்கி வாயில் போட்டுக்கொள்வது மருந்தா என்ன, அது சும்மா. ‘அதுவா, அது சும்மா போட்டுக்கறதுங்க.’ இந்தச் சும்மாவைப் பிடிக்கத்தான் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள், மருந்து என்ற பேச்சையே எடுப்பதில்லை, ‘பையில இருக்கறத எல்லாம் மேசைமேல வைங்க பாப்போம்’, திருடனைப் பிடித்த காவலர் மாதிரி, அவர்களும் சிரித்துக்கொண்டே சாவி, சீப்பு, சில்லறை என்று எடுத்து வைப்பார்கள், கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மாத்திரை அட்டை வெளியே வரும், பாதிக் குழிகள் காலியாக. அந்த நேரத்தில் அவளுக்குள் ஏற்படும் குளிர்ச்சி இருக்கிறதே... சரி சரி, அடுத்தவங்க வரலாம்.

பாதிக் கதவில் முதலில் பளபளவென்று துடைத்த காலணி வந்தது, பிறகு நாலாக மடித்த செய்தித்தாள், பிறகு மாமனார். அவள் கணவனைப் பெற்றவர், தணிக்கைத் துறையில் துணை இயக்குநராக ஓய்வு பெற்றவர், வீட்டில் இன்னும் ஓய்வு பெறாதவர். ஐயோ, அதனால்தானா... காலையில் பேப்பருக்குப் பின்னாலிருந்து ‘இன்னிக்கு மேல வார்டாம்மா, கீழயா?’ என்று கேட்டாரே, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமா என் வேலையைப் பற்றி விசாரிப்பது இதுதான் முதல்தடவை என்று பூரித்துப்போய், ‘மேலதான் மாமா’ என்று குழைந்தாளே, பேருந்தில் வரும்போதெல்லாம் அதையே நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாளே, மனிதர் வழி பார்த்திருக்கிறார், அவள் இல்லாத வழி! கூட வேலை செய்பவள் திடீரென்று லீவு போட்டதும், அவளுக்குப் பதிலாக இவளைக் கீழே அனுப்பியதும் அவருக்கெப்படித் தெரியும். குளியலறைக்குள் போனால் குழாயை முழுதாகத் திறந்துவிடுகிற ஆள், உள்ளே இருப்பது மனிதப் பிறவிதான் என்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது, அப்பேர்ப்பட்டவர் மருமகள் முன்னால் வயிற்றைப் பற்றி... கால் பாதி திரும்பிவிட்டது, செய்தித்தாள் முகத்தருகே உயர்கிறது, இப்போது ‘மாமா’ என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் போதும், இப்படியே வீட்டுக்குப் போய்ச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார், பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது. முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது? நாலைந்து நாளாக மாடிப்படியில் பாதியில் நின்று சுவரில் மாட்டிய படத்தைப் பார்க்கிறாரே, அந்தப் படத்தில் பார்க்க என்ன இருக்கிறது, வெறும் மலை, மூச்சு வாங்க நின்றிருக்கிறார், அடிப் பாவி, வயசாயிடுச்சு என்றல்லவா நினைத்தாய்.

“வாங்க ஐயா, உட்காருங்க. சீட்டைக் குடுங்க.”

ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு உட்கார்ந்து, “நன்றிங்க,” என்றார், அந்த ‘ங்க’வில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. சீட்டு குடல் பேரரசருடையது, வயிற்று மருத்துவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது, பின்னால் நாலு மாணவர்கள் இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போகமாட்டார், நோயாளிக்குக் கேள்வி, மாணவர்களுக்குப் பிரசங்கம், பதில் யாருக்கும் கேட்காது. அமிலத்துக்கு ஒரு மாத்திரை, வாயுவுக்கு ஒரு திரவம், கீழே கோழி கிளறியதுபோல் ‘வேறு மருந்துகள் இல்லை, மலம் இயல்பு’. இயல்பாம். நாலு இளவட்டங்கள் சுற்றி நிற்க இவர் வேறு என்ன சொல்லியிருப்பார்? அரை மணி முன்னாடி என்று ஆரம்பித்தாள், அணைக்குக் கை நீண்டது, அவர் சிரிக்கவில்லை, இன்னொரு முறை நீட்டத் தோன்றவில்லை. எப்படிக் கேட்பது, ஊரார் பையை எல்லாம் கொட்டச் சொன்ன வாய்க்கு இப்போது என்ன வந்தது, இவர் சட்டையை அவள்தானே தினமும் மடித்து வைக்கிறாள், துவைக்கப் போடும் முன் பையைக் காலிசெய்துதான் போடுவார், எவ்வளவு ஒழுங்கானவர் என்று மாமியாரிடம் மெச்சியிருக்கிறாள்...

“எல்லார்கிட்டயும் கேக்கறதுதாங்க ஐயா. பையில இருக்கறத மேசைமேல வைங்க.”

“எல்லார்கிட்டயுமா?”

“டைரக்டரே வந்தாலும் கேப்பேன்.”

விதி என்றதும் சமாதானமானார், வாழ்நாளெல்லாம் விதியைக் காட்டித்தானே ஊரைப் படுத்தினார். பேனா வந்தது, கண்ணாடிக் கூடு வந்தது, சதுரமாக மடித்த கைக்குட்டை வந்தது, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை, அப்புறம் அட்டை வந்தது. வலி மாத்திரை, கடுமையானது, இரண்டே குழிகள்தான் மிச்சம். “முட்டிக்கு. எங்க நடைப்பயிற்சிக் கழகத் தலைவர் சிபாரிசு பண்ணாரு. சும்மா...” ஓய்வு பெற்றவர்கள் கூடி நடக்கிற கழகம், நடப்பது கொஞ்சம், வைத்தியம் அதிகம், தலைவர் பொறியாளராயிருந்தவர், பாலத்துக்கும் முட்டிக்கும் ஒரே பூச்சு. அவளுக்கு வழக்கமாக வரும் அந்தக் குளிர்ச்சி வரவில்லை, வேறு ஒரு குளிர் வந்தது. இதைத் தின்று தின்று இரைப்பையில் புண்ணாகி... கேட்டுவிடு, ஐயா என்று சொல்லிக் கேட்டுவிடு. “வெளிய போறது கருப்பா போகுதுங்களா ஐயா?”

செய்தித்தாள் அரைகுறையாக உயர்ந்து தாழ்ந்தது. “நிறத்துல... ஒரு மாற்றம் தென்படுது.”

“தார் மாதிரி?”

“அந்த ஒப்பீட்டுல தவறு இருக்கறதா சொல்ல முடியாது.”

பின்னாளில் எப்போதாவது இதை நினைத்து விழுந்து விழுந்து சிரிப்பாள், இப்போது தொலைபேசியை எடுத்தாள். பேரரசர் ‘நான் கேட்டேனே, இல்லன்னாரே’ என்று கொஞ்சம் கர்ஜித்துவிட்டு, தார் என்று கேட்டதும் மனிதராகிவிட்டார், உடனே மேலே அனுப்புங்க, ரத்தம் எடுக்கணும், எதுவும் சாப்பிடலன்னா இன்னிக்கே குழாய் விட்டுப் பார்த்துடலாம், நேரத்தோட பிடிச்சீங்க. சாப்பிடவில்லை, நடக்கப் போவதாகச் சொல்லி வெறும் வயிற்றோடு புறப்பட்டவர். “இந்த மாத்திரைய இனிமே தொடவே கூடாதுங்க ஐயா. உள்ள புண்ணாகி ரத்தம் கசியுதோன்னு சந்தேகம். பயப்படாதீங்க, இன்னிக்கே பாத்துடுவாங்க.” திருப்பிச் சொல்லச் சொன்னாள், சொன்னார், அட்டையைத் தானாகவே அவள் பக்கம் தள்ளினார், கிரீடத்தைக் கழற்றி வைப்பதுபோல. கதவுக்குப் பின்னாலிருந்து சக்கர நாற்காலியை இழுத்தாள், ஒரு சக்கரம் கோணினாலும் ஓடும், மாமா மறுப்பார் என்று நினைத்தாள், மறுக்காமல் உட்கார்ந்துவிட்டார், கதவும் இப்போது முழுதாகத் திறந்தது. தள்ளிக்கொண்டு போக ஆள் வந்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஒரு சந்தேகம்மா. எங்க வீட்டு அடுக்களைல தினம் எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் ‘படக்’னு ஒரு சத்தம் கேக்குது. மாத்திரை அட்டை சத்தம், எனக்குத் தெரியும், என்னோடதும் அப்படித்தானே கேக்கும். யாரு எவருன்னு கேக்கலாமா கூடாதான்னு யோசிக்கிறேன். உங்க அனுபவத்துல எப்படி?”

“சும்மா போட்டுக்கறதா இருக்கும் ஐயா,” என்றாள் அவள், ஆலோசனைச் சிரிப்போடு.

அவர் தலையை ஆட்டினார், திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. நாற்காலி கீச்சிட்டுக்கொண்டு போயிற்று, மேலே நல்ல கையில்தான் போகிறார், சரியாகிவிடும், கணவனுக்குச் சொல்ல வேண்டும், லிஃப்ட் வரைக்குமாவது பின்னாலேயே ஓடலாம், ஐயா என்று ஓடுவதா மாமா என்று ஓடுவதா... கை எப்போது வெள்ளைக் கோட்டின் பைக்குள் போயிற்று, விரல் தானாக அங்கிருந்த அட்டையின் காலிக் குழிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது, எரிச்சல் எப்போது ஆரம்பித்தது, போன மழைக்கா, அதற்கு முன்னாலேயா, அதுவும் சாப்பிட்ட பிறகல்லவா போட்டுக்கொண்டிருக்கிறோம்...