காற்றுக்குழாயில் குடைப்பாட்டு

எங்கள் ஒனிசாவா நிலக்கரிச் சுரங்கத்தில் வாய்கூசாமல் பொய் சொல்பவனைச் சங்கூதி என்பார்கள். அந்தப் பட்டம் வெகுகாலமாக என்னிடம்தான் இருக்கிறது. போட்டிக்கு யாரும் வரவில்லை. ஆகவே இதில் குளியல் தொட்டியைப் பற்றி வருவதை நீங்கள் நம்ப வேண்டாம். மற்றதை நம்பலாம்.

அந்த வருடம் நாடு முழுக்க ரேடியோவில் குடைப்பாட்டுதான். கணவன் போன கப்பல் திரும்பி வரவில்லை. நல்ல வெயிலிலும் மனைவி அவனுக்கு ஒரு குடையை எடுத்துக்கொண்டு துறைமுகத்தில் போய் நிற்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. மூன்று சரணம். ஒவ்வொரு சரணத்திலும் மூன்றாவது அடி முடிந்ததும் பாடுகிறவன் வாயை மூடிக்கொண்டு மூன்று தாளம் சும்மா இருக்க வேண்டும். பிறகுதான் கடைசி அடி. அந்தச் சும்மா இருக்கிற இடத்தில்தான் கேட்கிறவன் உடைவான். ரேடியோவில் பாடிய அம்மாளைவிட நான் நன்றாகப் பாடினேன் என்று நான் சொல்லவில்லை. ஊரில் சொன்னார்கள்.

ஒருநாள் ஷிப்டு முடிந்து நாற்பது பேர் குளியல் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்தபோது பாடினேன். தொட்டியில் தண்ணீர் நாலு விரல் ஏறியது. உணவுக்கூடத்துச் சமையல்காரி அந்த வாரம் உப்பு வாங்கவில்லை. சூதாட்டத்துக்காக என்னைப் பிடிக்க வந்த போலீஸ்காரர் இரண்டாவது சரணத்திலேயே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று ரயிலேறிப் போய்விட்டார்.

உடையாத ஆள் ஒருவர்தான். இவாகிச்சி அண்ணன். என்னைவிட எட்டு வயது மூத்தவர், என் குழுவின் தலைவர். பாட்டில் வெறுமையாக ஓர் இடம் விட்டால் அவருக்குப் பொறுக்காது. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் குச்சியால் கிண்ணத்தில், வேலையில் இருந்தால் ஸ்பானரால் தண்டவாளத்தில், டொக், டொக், டொக் என்று மூன்று தட்டுவார். அழத் தயாராக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும். ஒருமுறை அவர் குறட்டை விட்டுத் தூங்கும்போது பாடிப் பார்த்தேன். தூக்கத்திலேயே பெஞ்சில் தட்டினார்.

செப்டம்பர் கடைசியில், எண்ணூறு மீட்டர் ஆழத்தில் வாயு வெடித்துத் தீப்பிடித்தது. எனக்கு அன்று பல்வலி, வேலைக்குப் போகவில்லை. என் குழுவோடு சேர்த்து இருபத்து மூன்று பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். மீட்புப் படை மூன்று முறை இறங்கியது. மூன்று முறையும் புகை தள்ளி வெளியே அனுப்பியது. ஐந்தாம் நாள் காலையில் கம்பெனி முடிவு சொன்னது: ஆற்றைத் திருப்பி உள்ளே விட வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கம் முழுதும் எரிந்துவிடும். உள்ளே ஆட்கள் இருக்கையில் தண்ணீர் விடுவதென்றால் ஒவ்வொரு வீட்டாரும் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையை வைத்தாக வேண்டும். ஒருவரும் வைக்கவில்லை.

துணை மேலாளர் நராசகி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தொமேகிச்சி, அஞ்சு நாளா அந்தக் குடும்பத்துக்காரங்க ஒரு சொட்டு அழல. கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க. நீ போய் அந்தக் குடைப்பாட்டப் பாடு. அழுதா மனசு லேசாகும்."

முத்திரையைப் பற்றி நான் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"நீ பாடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

சிவப்பு மைப்பெட்டி அவர் கையிலேயே இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது சங்கூதியின் பேச்சு.

பாடினேன். கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் சரணத்தில் அசையவில்லை. இரண்டாவதில் ஒரு கிழவர் சரிந்தார். மூன்றாவதில் மொத்தக் கூடமும் சரிந்தது. பாட்டு முடிந்த அரைமணி நேரத்தில் இருபத்திரண்டு முத்திரை விழுந்துவிட்டது. காகிதங்கள் நனைந்துபோனதால் குமாஸ்தா ஓடிப்போய் ஒற்றுத்தாள் கொண்டுவந்தார். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. அதை நராசகி பத்திரிகைக்காரர்களிடம் இரண்டு முறை சொன்னார்.

பாக்கி ஒன்று. இவாகிச்சி அண்ணனின் மனைவி ஹட்சுயோ. பதினைந்து வருடமாக நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் கொட்டகையில் வேலை பார்ப்பவர். நான் பாடி முடிக்கும்வரை ஒரு சோற்று உருண்டையைத் தின்றுகொண்டிருந்தார். முடித்ததும் கையை மேலங்கியில் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவு நல்லாப் பாடறவன் இங்க எதுக்குப் பாடற? காத்துக்குழாய்ல பாடு."

மேலிருந்து உள்ளே காற்று அனுப்பும் இரும்புக்குழாயைத்தான் சொன்னார். மாட்டிக்கொண்டவர்கள் அதைத் தட்டித்தான் தகவல் சொல்வார்கள். ஐந்து நாளாக மீட்புப் படையினர் இந்தப் பக்கம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. மனிதக் குரல் இரண்டாவது வளைவைக்கூடத் தாண்டாது என்று நராசகி பொறுமையாக விளக்கினார்.

"அது உங்க குரலுக்குங்க. இவன் பாடி போலீஸ்காரரே ரயிலேறிட்டாராம், இவனே சொல்லிட்டுத் திரியறான்."

பிறகு என்னிடம் திரும்பினார்.

"வெறுமனே தட்டினா பதிலுக்குத் தட்ட அந்த மனுசனுக்குச் சோம்பலா இருக்கும். ஆனா பாட்டுல சந்து விட்டா விடமாட்டார். மூணு தட்டு கேட்டுச்சுன்னா தண்ணி விடக் கூடாது. கேக்கலைன்னா முத்திரை வைக்கறேன். போலாமா?"

ஒரு முத்திரைதானே பாக்கி என்று நராசகி ஒத்துக்கொண்டார். காற்றை நிறுத்தி, மூடியைக் கழற்றிக் கொடுத்தார்கள். நான் குழாய்க்குள் வாயை வைத்தேன். பக்கத்திலேயே ஹட்சுயோ அண்ணி இரும்பில் காதை ஒட்டிக்கொண்டு குந்தினார். சுற்றிலும் மீட்புப் படையினர், பத்திரிகைக்காரர்கள், முத்திரை வைத்துவிட்டு வந்த குடும்பங்கள் என்று நூறு பேருக்குக் குறையாது.

முதல் சரணம். மூன்றாவது அடி முடித்து வாயை மூடினேன். அந்த மூன்று தாளத்தில் நூறு பேரும் ஒரே நேரத்தில் விம்மினார்கள். குழாயில் தட்டு வந்ததோ இல்லையோ, இடி விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது.

அண்ணி எழுந்தார். "வாய மூடுங்க. மூட முடியாதவங்க எல்லாம் கொட்டகைக்கு அந்தப் பக்கம் போங்க." ஒரு கேமராக்காரனை முதுகில் கைவைத்தே தள்ளினார். எல்லோரும் போனார்கள். நராசகி மட்டும் மைப்பெட்டியோடு பத்தடி தள்ளி நின்றார். அவர் அழுகிற ஜாதி இல்லை.

இரண்டாவது சரணம். மூன்று தாளம் விட்டேன். குழாய்க்குள் ஒரு சத்தமும் இல்லை. கண் மூடியிருந்த அண்ணியின் விரல்கள் மட்டும் குழாயை இறுக்கின. கடைசி அடியைப் பாடி முடித்தேன்.

மூன்றாவது சரணத்தில்தான் அந்தப் பெண் குடையை விரித்து, காலியாக இருக்கும் பக்கத்துக்கு நிழல் கொடுப்பாள். மூன்றாவது அடியை முடித்து வாயை மூடினேன்.

அண்ணி அழுதுவிட்டார். ஐந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த அழுகை, இருமலைப்போல ஒரே மூச்சில் வந்தது. முகம் குழாயை ஒட்டியிருந்ததால் அந்தச் சத்தம் இரும்பில் ஏறி உள்ளே போய் ஆழத்தில் எங்கோ மோதித் திரும்பி வந்தது. மூன்று தாளமும் அதிலேயே கரைந்தது. நான் கடைசி அடியைப் பாடினேன். பாட்டு முடிந்தது.

அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "கேட்டுச்சா?"

"கேக்கல அண்ணி."

பொய் இல்லை. எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து பாடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நராசகி வந்து மைப்பெட்டியைத் திறந்து நீட்டியிருந்தார். அண்ணி இடுப்புத்துணி மடிப்பிலிருந்து முத்திரையை எடுத்து, ஒருமுறை ஊதி, வைத்தார். கோணல் இல்லாமல் நன்றாக விழுந்தது.

பகல் ஒரு மணிக்குச் சைரன் ஊதியது. ஊர் முழுக்க ஒரு நிமிடம் தலை குனிந்தது. தண்ணீரைத் திறந்தார்கள்.

அதை இறைத்து முடிக்க நாலு மாதமும் பத்து நாளும் ஆனது. பிப்ரவரியில் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். இவாகிச்சி அண்ணன் பதினேழாவது. குழாயின் அடி முனைக்குப் பக்கத்தில் கிடந்தாராம். கையில் ஸ்பானர். சுரங்கத்தில் செத்தவன் கையில் ஸ்பானர் இல்லாமல் விசிறியா இருக்கும் என்று நராசகி கேட்டார். வெடித்த முதல் ஒரு மணி நேரத்திலேயே எல்லோரும் போயிருப்பார்கள் என்று டாக்டரும் எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் இருக்கும்.

தகனம் முடிந்த மறுநாள் காலை, கூரையில் ஏறிப் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். ஹட்சுயோ அண்ணி கீழே வந்து நின்றார். இறங்கி வா என்று சொல்லவில்லை. நானாகத்தான் இறங்கினேன்.

"மூணாவது சந்துல உனக்கு என்ன கேட்டுச்சு?"

எத்தனையோ பொய் சொன்ன வாய். குழாயில் ஒரு சத்தமும் இல்லை, அழுகைக்கு நடுவிலும் கவனமாகத்தான் காது கொடுத்திருந்தேன் என்று ஒரே ஒரு பொய் அன்றைக்கு வேண்டியிருந்தது. தேடிப் பார்த்தேன். வரவில்லை.

"நீங்க அழுததுதான் கேட்டுச்சு அண்ணி."

"வேற?"

"அது மட்டுந்தான்."

அண்ணி தலைத்துணியை அவிழ்த்துப் பனியை உதறினார். மறுபடி கட்டி, முடிச்சை இறுக்கினார். கல் பொறுக்கும் கொட்டகையில் காலை ஷிப்டு தொடங்கும் நேரம். சரிவில் இறங்கிப் போனார்.