கண்ணாடிக்கு மேல் ஒரு முகம்

அலெக்சாந்திரியாவில், பஹரிப் பகுதியில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஷவ்கிக்குத் தன் முகத்தின் மேல் உள்ள பிரியம் ஊரறிந்தது. அந்த முகத்தை வரைந்தே தீருவேன் என்று அவன் மனைவி மெர்வத் சபதம் போட்டிருந்தாள்.

"என்னை மாதிரியே இருந்தா கடைக் கண்ணாடிக்கு மேல மாட்டுறேன். இல்லேன்னா இந்த விளையாட்டை இத்தோட விட்டுடு" என்று அவனும் சொல்லிவிட்டான்.

அவன் தம்பி ஃபத்ஹி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவனா? "அண்ணி, போன தடவை வரைஞ்சது அண்ணனையா, வேகவெச்ச உருளைக்கிழங்கையா?"

பொல்லாதவன்தான், ஆனால் சொன்னது பொய்யில்லை. அவள் வரைவது டேப்லெட்டில். அதில் வரும் எண்ணெய்த் தூரிகை பெயருக்குத்தான் போலி. அடம்பிடிப்பதில் நிஜத்தை மிஞ்சும். அடியில் கிடக்கும் நிறத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கன்னத்தைத் தடவித் தடவி மெருகேற்றப் பார்த்தாள், முகம் சேறாகிப்போனது. பட்டபின்தான் புத்தி வந்தது. ஒரு தீற்றல் வைத்தால் பேனாவை எடுத்துவிட வேண்டும், கொஞ்சக் கூடாது. கன்னமேட்டில் வெளிச்சம் தடித்த வண்ணமாக உட்கார்ந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோணல் கண்ணில் படாது. அதனால் அவ்வப்போது படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்ப்பாள். கோணிய மூக்கு உடனே பல்லிளிக்கும். திருத்திவிட்டு மறுபடி பழையபடி புரட்டிவிடுவாள்.

படம் முடிந்தது. துணியில் அச்சிட அனுப்பினாள். அச்சகத்துக்காரன் நேராகக் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவள் பார்ப்பதற்குள் ஃபத்ஹி பார்த்துவிட்டு, சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணனுக்குத் தழும்பு வலப் புருவத்துல. நீங்க இடப் புருவத்துக்கு மாத்திட்டீங்க. வகிடும் இடம் மாறிப்போச்சு!"

மெர்வத் டேப்லெட்டைத் திறந்தாள். கடைசியாக மூக்கைத் திருத்தப் புரட்டியவள், பழையபடி ஆக்க மறந்து அப்படியே அனுப்பியிருந்தாள். இத்தனை பாடுபட்டு இப்படியா கோட்டைவிடுவாள் ஒருத்தி! அழுகை முட்டியது. கடைக்கு ஓடினாள்; மிச்சத்தையும் பார்த்துவிட ஃபத்ஹி பின்னாலேயே வந்தான்.

படம் கண்ணாடிக்கு மேலே மாட்டியாகிவிட்டது.

"கழட்டு ஷவ்கி, தப்பா இருக்கு. வேற அடிச்சுத் தரேன்."

"பைத்தியமா உனக்கு? தினம் பாக்குற என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? நான்தான் அது!"

நாற்காலியில் நுரை பூசி உட்கார்ந்திருந்த கிழவர், "நம்ம ஷவ்கி உஸ்தாவை உரிச்சு வெச்சிருக்கும்மா" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்றே அவள் நினைத்தாள். ஷவ்கி கிழவரின் சவரத்தை முடித்து எழுப்பினான். பெண்பிள்ளை யாரும் உட்கார்ந்தறியாத அந்த நாற்காலியைத் துண்டால் தட்டினான்.

"உக்காரு."

உட்கார்ந்தாள். சீப்போடு அவன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். கண்ணாடிக்குள் ஒரு ஷவ்கி, அதற்கு மேலே ஒரு ஷவ்கி. தழும்பு அதே பக்கம், வகிடும் அதே பக்கம். இந்தக் கடையில் தலையைக் கொடுத்த அத்தனை பேரும் அவனைக் கண்ணாடிக்குள்தானே பார்த்துப் பழகியிருக்கிறார்கள்! ஃபத்ஹியோ முழு வழுக்கை. அந்த நாற்காலியில் அவனுக்கு என்ன வேலை?

பக்கம் ஒத்துப்போனது தற்செயல்தான், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த அலட்டல் பார்வை, சிரிக்கப்போவதுபோல் ஒரு பக்கம் ஏறிய உதடு, கன்னத்து வெளிச்சம், இவை அவள் கை வைத்தவை. பெருமை நெஞ்சு நிறைய வந்தது. அதை அவள் மறைக்கவுமில்லை.

முடி வெட்டி எழுந்தவருக்குச் சொல்லும் "நயீமன்" என்ற வாழ்த்தைக் கிழவர் படத்தைப் பார்த்துச் சொன்னார். கடையே சிரித்தது.

"யார் கேட்டாலும் சொல்லுவேன், என் பொண்டாட்டி வரைஞ்சது" என்றான் ஷவ்கி.

ஃபத்ஹி தானும் உட்கார்ந்து மேலும் கீழும் பார்த்தான். பிறகு குழைந்தான்.

"அண்ணி, என்னையும் ஒண்ணு வரைஞ்சு குடுங்களேன்."

"வரையலாமே" என்றாள் மெர்வத். "உனக்குத் தெரிஞ்ச ஃபத்ஹியையா, எங்களுக்குத் தெரிஞ்ச ஃபத்ஹியையா?"