அன்புடன், முன்னாள் அதிபர்

இருபத்தாறு வருட வேலையில் சம்மன்காரர் ஒரு சம்மனைக்கூடக் கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. நீதிமன்றம் யாரை வரச்சொல்கிறதோ அவர் கையில் காகிதத்தைச் சேர்த்து, இன்னொரு பிரதியில் கையெழுத்து வாங்கி வருவதுதான் அவர் வேலை. அவருக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவர்கள் உண்டு. ஒருவர் தான் செத்துப்போனதாகச் சொல்லச் சொல்லி மனைவியை அழவே வைத்தார். அந்த அழுகைக்கு நடுவில் பரணிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. சம்மன்காரர் அமைதியாக ஏணி கேட்டார். அலுவலகத்தில் அவருக்குக் 'கோந்து' என்று பெயர்.

அந்தக் கோந்தும் ஒட்டாத இடமாக வாய்த்தது முன்னாள் அதிபரின் வீடு.

வழக்கு குடிநீர்க் குழாய் பற்றியது. அவர் ஆட்சியில் நாடு முழுக்கக் குழாய் பதித்ததாகக் கணக்கு. பாதி ஊர்களில் பதிக்கவே இல்லை. மீதி ஊர்களில் பதித்தது எந்தத் தொட்டியோடும் சேரவில்லை. வேலையை எடுத்துச் செய்தது அதிபரின் மைத்துனர். சம்மன்காரரின் தெரு இரண்டாவது வகை. ஒன்பது வருடமாகக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அவர் மனைவி இரண்டு தெரு தள்ளி லாரிக்குக் குடத்தோடு நிற்கிறாள். அதனால் இந்தச் சம்மன் கைக்கு வந்த அன்று அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ஐயா ஊர்ல இல்லீங்க" என்றான் வாசல் காவலாளி.

உள்ளே ஒரு குரல் யாரையோ அதட்டியது. செருப்பை எங்கே வைத்தாய் என்று கேட்டது. பத்து வருடம் நாடே கேட்ட குரல்.

"அப்ப இது யாரு?"

"டிவிங்க."

"டிவி செருப்பு கேக்குதா?"

காவலாளி வானத்தைப் பார்த்தான். அவனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம் அது ஒன்றுதான்.

சம்மன்காரர் பதினான்கு முறை போனார். காலையில் போனார், மதியம் போனார், மழையில் போனார். ஒருமுறை முன்னாள் அதிபரின் கார் அவர் காலில் சேற்றை அடித்துவிட்டே உள்ளே நுழைந்தது. அன்றைக்கும் ஐயா ஊரில் இல்லை. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து 'ஆள் இல்லை' என்று எழுதும்போது பேனா நகர மறுத்தது. கண்ணெதிரே இருப்பவனை இல்லை என்று தன் கையாலேயே எழுதுவது அவருக்குப் புதிது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கீரை ஆய்ந்துகொண்டே பேப்பரைத் தள்ளினாள்.

"உங்காளு புஸ்தகம் எழுதியிருக்காராம். தன் வாழ்க்கை வரலாறு."

"எழுதட்டும். அதுலயாவது உண்மையச் சொல்லியிருக்காரான்னு பாப்போம்."

"அது இல்லீங்க. புதன்கிழமை மண்டபத்துல உக்காந்து, வர்றவங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுக்கப்போறாராம்."

சம்மன்காரர் பேப்பரை வாங்கி இரண்டு தடவை படித்தார். அவளைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் அவள். "கீரை ஆயறேன்."

புதன்கிழமை மண்டப வரிசை தெரு வரைக்கும் நீண்டிருந்தது. புத்தகம் வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். தலையணை கனத்துக்கு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் சம்மனின் இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றார். முன்னால் நின்ற பெண் தன் மகனுக்கு வேலை கேட்டு மனு வைத்திருந்தாள். பின்னால் நின்றவர் அதிபரைத் தொட்டுப் பார்க்க வந்தவர். தண்ணீர் தாகமாக இருந்தது. மண்டபக் குழாயில் தண்ணீர் வந்தது.

முறை வந்தபோது அவர் ஒரு பிரதியை மேசையில் வைத்துத் தெளிவாகச் சொன்னார். "ஐயா, இது கோர்ட் சம்மன். உங்க கையில குடுத்துட்டேன். இன்னொண்ணுல கையெழுத்துப் போடணும்."

முன்னாள் அதிபர் நிமிரவில்லை. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்ற உதவியாளர், மனு என்று நினைத்து அந்தப் பிரதியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதிபர் மற்றதை இழுத்து, முத்திரைக்குக் கீழே வளைவாக எழுதினார்: 'அன்புடன்'. அதற்கும் கீழே கையெழுத்து, தேதி.

"நல்லா இருங்க" என்றார்.

"நீங்களும் கோர்ட்டுக்கு வாங்கய்யா" என்றார் சம்மன்காரர். அதற்குள் அடுத்தவர் முண்டிவிட்டார்.

அன்று அலுவலகத்தில் ஆளாளுக்கு அவர் முதுகில் தட்டினார்கள். கோந்துன்னா கோந்துதான் என்றார்கள். அந்தச் சந்தோஷம் அடுத்த திங்கட்கிழமை வரைதான் தாங்கியது.

நீதிமன்றத்தில் முன்னாள் அதிபரின் வக்கீல் அந்தக் காகிதத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"சம்மனை யாராவது அன்புடன் வாங்குவாங்களா, அம்மா? இது வாசகருக்குப் போட்ட கையெழுத்து. என்னன்னு தெரியாமப் போட்டது. அந்த இன்னொரு பிரதியும் எங்க கைக்கு வரவே இல்ல."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியம்மா சிரிக்கவில்லை. சம்மன்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். "நீங்க சொன்னது அவர் காதுல விழுந்ததுன்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"நான் சொன்னது உறுதிம்மா. விழுந்துச்சா இல்லையான்னு அவர்தான் சொல்லணும்."

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சம்மன் சேர்ந்ததாகக் கொள்ள முடியாது, புதிதாக அனுப்புங்கள் என்றார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

அத்தோடு விட்டார்களா? வக்கீல் ஒரு புகாரும் கொடுத்திருந்தார். நீதிமன்றக் காகிதத்தை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டுச் சம்மன்காரருக்கே நோட்டீஸ் வந்தது. பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அவருடைய சக ஊழியரே கொண்டுவந்து, தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்து வாங்கிப் போனார்.

அலுவலகக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். மன்னிப்புக் கடிதத்தைத் தானே டைப் அடித்து வைத்திருந்தார்.

"'தெரியாமல் நேர்ந்த பிழை'ன்னு இருக்கு. கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. ஊதுற சங்க ஊதியாச்சு, விடுங்க."

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்."

"அது எனக்குத் தெரியும்யா. காகிதத்துக்குத் தெரிய வேண்டாம்."

"அவர் படிக்காமக் கையெழுத்துப் போட்டா அது செல்லாது. நான் படிச்சுட்டுப் போட மாட்டேன்னா அது குத்தமா?"

சம்மன்காரர் ஒரு வெள்ளைத் தாளை வாங்கித் தன் கையால் எழுதினார்: 'இது கோர்ட் சம்மன் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. அதற்கு முன் பதினான்கு முறை வீட்டு வாசலில் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை.' அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. வீட்டில் சொன்னபோது மனைவி மேசையிலிருந்த புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "புஸ்தகத்தையாவது எடைக்குப் போடுங்க, கனமா இருக்கு" என்றாள்.

புதிய சம்மனுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. ஆள் கிடைக்கவில்லையென்றால் வீட்டுக் கதவில் ஒட்டலாம். ஆனால் அந்தத் தெருவிலேயே இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தெருவில் சாட்சி என்பது குதிரைக் கொம்பு. தெருமுனையில் துணி தேய்ப்பவர் கும்பிட்டே விட்டார். "நாளைக்கு என் வண்டி இங்க நிக்காது, சார்." சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

தபால்காரப் பெண் சைக்கிளை நிறுத்தினாள். "என்ன ஒட்டப்போறீங்க?"

சொன்னார்.

"ஊர்ல இல்லையாமா? ஊர்ல இல்லாதவருதான் இந்த மாசம் ஒன்பது பதிவுத் தபாலக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரு. எல்லாம் புஸ்தகத்தைப் பாராட்டி வந்தது. குடுங்க பேனாவ."

அவளே எதிர்வீட்டுப் பெரியவரையும் கூப்பிட்டாள். "தினம் என்கிட்ட அரசியலத் திட்டுவீங்களே, வாங்க, இன்னைக்கு எழுத்துல திட்டலாம்." பெரியவர் வந்தார். கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சம்மன்காரர் ஒட்டினார், படம் எடுத்தார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் காவலாளி அதைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டட்டும், படம் இருக்கிறது.

இந்த முறை நீதிபதியம்மா ஒப்புக்கொண்டார். வராவிட்டால் பிடியாணை என்றார்.

முன்னாள் அதிபர் வந்தார். நாற்பது கார்கள், மாலைகள், கோஷம். உள்ளே நுழைந்ததும் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வழக்கு நடத்த வேண்டிய அரசு வக்கீல்கூட எழுந்து நின்றார்கள். சம்மன்காரரின் முழங்காலும் பாதி எழுந்துவிட்டது. அதை உணர்ந்து, நாற்காலிக் கைப்பிடியை அழுத்திப் பிடித்து உட்கார்ந்தார். தன் கால் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

பேர் கூப்பிடும் ஊழியர் வாசலில் நின்று "மேதகு முன்னாள் அதிபர்..." என்று தொடங்கினார்.

"பேரை மட்டும் கூப்பிடுங்க" என்றார் நீதிபதியம்மா.

மூன்று முறை வெறும் பேர் ஒலித்தது. கூண்டில் ஏறி அவர் "இருக்கேன்" என்றார். அப்போது சிரிப்பு இல்லை.

குற்றப்பத்திரிகையில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் தெளிவாக அச்சாகவில்லை, நல்ல பிரதி வேண்டும் என்றார் வக்கீல். நான்கு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. வந்து போனதற்கு மொத்தம் பதினோரு நிமிடம்.

சம்மன்காரர் வாசலுக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"வந்தாரா?"

"வந்தாரு. பதினோரு நிமிஷம். ஒரு பக்கம் சரியாத் தெரியலையாம், நாலு மாசம் வாய்தா."

"நாலு மாசத்துல நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்களே."

"ஆமா. அன்னைக்கு நான் உக்கார யார் அனுமதியும் வேண்டாம். சனங்க பெஞ்சுல முன்னாடியே போய் இடம் புடிச்சுடுவேன்."

அந்தப் பக்கம் குடம் நகரும் சத்தம் கேட்டது. லாரி வந்துவிட்டது போலிருந்தது.

"எனக்கும் சேத்துப் புடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.