தூங்க மறுத்த வண்டி

அந்த வட்டாரத்தில் அவளைப் பேட்டரிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். கார் கிளம்பவில்லை என்று யாராவது கூப்பிட்டால், பழைய வெள்ளை வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவாள். முன்பு புருஷனோடு சேர்ந்து பேட்டரிக் கடை வைத்திருந்தாள். அவன் வேறொருத்தியோடு வேறு ஊருக்குப் போன பிறகு, கடையை ஏறக்கட்டிவிட்டு வேனை மட்டும் வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை. ஒரு தங்கை உண்டு, தூரத்தில் குடும்பமாக இருக்கிறாள். நாள் முழுக்க யார் யாரோடோ பேசினாலும் பேச்சு வோல்ட்டையும் ஒயரையும் தாண்டாது. வேலை முடிந்து மாடி அறைக்கு ஏறியதும் அதுவும் நின்றுவிடும்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவளைக் கூப்பிட்டது, இரண்டு பட்டறைக்காரர்கள் கையை விரித்த பிறகு. அறுபதைத் தாண்டிய மனிதர், மனைவியை இழந்தவர், வீட்டில் ஒற்றை ஆள். கார் புதுசுதான். சாவி சட்டைப்பையில் இருந்தாலே கதவு திறக்கும், பொத்தானை அமுக்கினால் கிளம்பும், அந்த ரகம். ஆனால் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் நின்றுவிட்டால் மூச்சே இருக்காது. ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். இன்னொன்றில், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையே மாற்றினார்கள். அப்படியும் வண்டி படுத்துக்கொண்டேதான் இருந்தது.

"யாரோ சூனியம் வெச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன்" என்றார் அவர், சிரிக்காமல்.

"சூனியத்துக்கு மீட்டர் இல்ல சார். மத்ததைப் பாத்துரலாம்" என்றாள்.

பேட்டரிக்கு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சோதனைக் கருவியை மாட்டினாள். பேட்டரி கல்லு மாதிரி இருந்தது. எஞ்சினைப் போட்டு, ஏசி, முன் விளக்கு, பின் கண்ணாடியைச் சூடாக்கும் கருவி எல்லாவற்றையும் ஓடவிட்டாள். சார்ஜ் குறையாமல் ஏறியது. அவற்றை அணைத்துவிட்டு எஞ்சினை மட்டும் சற்றுநேரம் ஓடவிட்டபோது மீட்டரில் எண் தானாக இறங்கியது. எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பயப்படாதீங்க. இப்ப வர்ற வண்டியெல்லாம் இப்படித்தான். பேட்டரிக்கு வயிறு நிறைஞ்சிருச்சுன்னா கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைச்சுக்கும். இதைப் பாத்துட்டுத்தான் ஆல்டர்னேட்டர் போச்சுன்னு முடிவு பண்ணியிருப்பாங்க. உள்ள வர்றது ஒழுங்கா வருது சார். நிக்கும்போதுதான் எங்கேயோ ஒழுகுது."

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் வண்டி தூங்க வேண்டும். இந்தக் காலத்துக் கார் பூட்டியவுடனே தூங்கிவிடாது. உள்ளே இருக்கும் குட்டிக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூட வேண்டும். பேனட் மூடியிருப்பதாக வண்டி நம்பும்படி அதன் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திவிட்டாள். பேட்டரி ஒயரைச் சுற்றிக் கவ்வும் மீட்டரை மாட்டினாள். கதவுகளைப் பூட்டி, சாவியை வீட்டுக்குள் தள்ளியிருக்கும் அறையில் வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

"இனிமே வண்டியைத் தொடக்கூடாது சார். குழந்தையைத் தூங்க வெக்கிற மாதிரிதான். உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும்."

அவர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து கார் ஷெட்டில் போட்டார். ஒன்றின் மேல் தூசி அப்பியிருந்தது. அதைத் துடைத்து அவளுக்குக் கொடுத்தார். மத்தியான வெயில் சிமென்ட் தரையில் பாதிவரை வந்திருந்தது. இருவருமே பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து பழக்கம் விட்டுப்போனவர்கள். கையை எங்கே வைப்பது என்றுகூட இருவருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர், "உன் கண்ணாடியைக் கொடும்மா" என்றார்.

கழற்றிக் கொடுத்தாள். பையிலிருந்து ஊசி மாதிரி ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காதுக்கம்பியை முடுக்கினார். மூக்கில் அமரும் இடத்தை லேசாக நெளித்தார்.

"ரொம்ப நாளா கோணலாத்தான் போட்டுட்டிருக்கே. வீட்ல யாரும் சொல்லலியா?"

"யாரு சார் சொல்லப் போறா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

மீட்டரில் எண் படிப்படியாக இறங்கி, கடைசியில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆனது. வண்டி தூங்கிவிட்டது. அவள் நிம்மதியாகச் சாய்ந்தாள். சாய்ந்த முதுகு நாற்காலியில் படுவதற்குள் எண் துள்ளியது. மறுபடி இறங்கியது. தூங்கியது. மறுபடி துள்ளியது. யாரும் தொடவில்லை, ஒரு பூனைகூடப் பக்கத்தில் வரவில்லை.

"தானா முழிச்சுக்குது சார்."

ஃப்யூஸைப் பிடுங்கினால் வண்டி விழித்துவிடும் என்பதால், ஒவ்வொரு ஃப்யூஸின் மேலேயும் மீட்டர் ஊசியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றில் மாட்டியது. வண்டி வெளியுலகத்தோடு பேசுவதற்கென்று இருக்கும் பெட்டிக்குப் போகும் ஃப்யூஸ் அது.

"உங்க வண்டிக்குள்ள ஒரு சிம் இருக்கு சார். யாரோ போன்ல இருந்து வண்டியைக் கூப்பிடறாங்க. கூப்பிடும்போதெல்லாம் அது எந்திரிச்சுப் பதில் சொல்லுது."

சாவியை வாங்கிக் கதவைத் திறந்து திரையில் தேடினாள். சேர்க்கப்பட்ட போன்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது.

"வாலுன்னு போட்டிருக்கு. யாரு சார்?"

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணு. அவங்கம்மா அவளை அப்படித்தான் கூப்பிடுவா."

வண்டியை மறுபடி பூட்டி, சாவியை உள்ளே வைத்துவிட்டு வந்த பிறகு, அவள் கேட்காமலே சொன்னார். மனைவி நோயில் விழுந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவதற்காகத்தான் அந்தக் காரையே வாங்கியது. மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஓட்டினாள். போனில் சேர்ப்பது, செட் செய்வது எல்லாம் அவள் வேலை.

"நான் கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசனையே எனக்கு ஆகாதுன்னு சொல்லிட்டேன். பயம்மா, வேறொண்ணும் இல்ல. கடைசி நாளும் கடையிலதான் இருந்தேன். காரியமெல்லாம் முடிஞ்சதும் பொட்டியைத் தூக்கிட்டுப் போனவதான். அப்புறம் பேச்சுவார்த்தையே இல்ல."

அவள் ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் போன்ல அவளுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"வண்டி எங்க நிக்குது, பூட்டியிருக்கா, பெட்ரோல் எவ்வளவு இருக்கு. அவ்வளவுதான்."

"அவதான் பாக்கறாளா? போனே தானா பாக்குமா?"

அந்தக் கேள்வி வராமல் இருந்தால் தேவலை என்று அவள் நினைத்திருந்தாள். "தானா பாக்கறதும் உண்டு சார். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா அப்படின்னா ஒரு கணக்கா வரும். இது இஷ்டத்துக்கு வருது."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "போன மாசம் வண்டி செத்துக் கிடந்தப்போ பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, உடம்பு சரியாத்தானே இருக்குன்னு கேட்டுட்டுப் போனாங்க. என்னைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்காதவங்க. எனக்கு அப்பப் புரியல. வண்டி பதில் சொல்லலேன்னு இவதான் அவங்களைப் பாக்கச் சொல்லியிருப்பா."

பேசிக்கொண்டிருக்கும்போதே, திரும்பத் தூங்கியிருந்த வண்டியின் மீட்டர் மறுபடி துள்ளியது.

"இதோ சார். இப்பப் பாக்கறாங்க."

அவர் எழுந்து நின்றார். காருக்குள் யாரோ வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி அதைப் பார்த்தார். கசங்கியிருந்த சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டார். அவள் பேனட் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இந்தப் பேரை எடுத்துட்டா வண்டி ஒழுங்காத் தூங்கும்" என்றாள், தொழிலுக்குரிய கடமையாக. "எடுத்துரட்டுமா?"

"வேண்டாம்மா. பாக்கட்டும்."

அவள் வற்புறுத்தவில்லை. ஷெட் சுவரில் ஒரு சின்னச் சார்ஜரைப் பொருத்தி, வீட்டில் நிற்கும் நேரமெல்லாம் அதில் மாட்டி வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சிக்னலில் நிற்கும்போது ஒரு நினைப்பு வந்தது. இந்த வேன் எங்கே நிற்கிறது என்று உலகத்தில் யாருக்காவது தெரிய வேண்டியிருக்கிறதா? பின்னால் நின்றவன் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்திருப்பதைப் பார்த்தாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. வண்டி கிளம்பவில்லையாம். எங்கே என்று கேட்டால், ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் என்றார். அவள் பதறியடித்துக்கொண்டு போனாள். அவர் டிரைவர் சீட்டில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

"உடம்புக்கு என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

"ஆஸ்பத்திரிக்கு யாராவது சும்மா வருவாங்களா?"

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். "நோயாளிங்களைப் பாக்க விடற நேரத்துக்குக் கடையைச் சாத்திட்டு வந்துடறேன். கொஞ்ச நாளாவே. இங்க உக்காந்திருந்துட்டுப் போவேன். அன்னைக்கு வரவேண்டியது. அவ பாக்கறாளோ, போன்தான் பாக்குதோ. எனக்கு உக்காரணும் போல இருந்துது."

எஞ்சினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் ரேடியோவும் ஃபேனும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பேட்டரிதான் தாங்கும்? அவள் வேனைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ஜம்பர் ஒயரை எடுத்தாள். சிவப்பு க்ளிப்பை மாட்டிவிட்டுக் கறுப்பைக் கையில் எடுத்தபோது அவருடைய போன் அடித்தது.

அவர் திரையைப் பார்த்தார். எடுக்காமல் அதை அவள் பக்கம் நீட்டிக் காட்டினார், சூடான பாத்திரத்தைப் பிடித்த மாதிரி.

"எடுங்க சார்" என்றாள்.

"ம்... நான்தான்" என்றார். "இல்ல, இல்ல. எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்... பேட்டரி இறங்கிப் போச்சு. அதான் வண்டி உனக்குக் கிடைக்கல போல... ஆமா, அங்கதான்... தினமும்தான்."

ஆம்புலன்ஸ் ஒன்று சத்தமில்லாமல் அவர்களைக் கடந்து போனது.

"உங்கம்மாவைப் பாக்க வந்திருக்கணும்" என்றார். "அப்ப வரல."

அவள் கறுப்பு க்ளிப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மாட்டினால் கிளுக்கென்று சத்தம் வருமே என்று இருந்தது. வெகுநேரம் கழித்து அவர் போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"வெச்சுட்டா."

"என்ன சொன்னாங்க சார்?"

"ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அழுதாளா, கோவமா இருந்தாளான்னு தெரியல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ரேடியோ கேக்காதீங்கன்னா. அவ்வளவுதான். வெச்சுட்டா."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள் அவள். இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அது நிற்கும்வரை இருவருமே வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது. அவர் கையை ஆட்டிவிட்டு மெதுவாக வெளியே ஓட்டிப் போனார்.

அதற்கப்புறம் அவர் அவளைக் கூப்பிடவில்லை. வண்டி சரியாகிவிட்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள், அவள் தொழில் அப்படி. மகள் மறுபடி பேசினாளா, வந்தாளா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கண்ணாடிக் கடை வழியாகப் போகும்போது ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் மட்டும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார் போல என்று நினைத்துக்கொள்வாள்.

அவர் வண்டியைக் கிளப்பிவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கே, மாடி அறையில் கையிலிருந்த கிரீஸைக் கழுவிவிட்டு, அவள் தன் தங்கைக்குப் போன் போட்டிருந்தாள். தங்கை மகள் எடுத்தாள்.

"யாரு பேசறது?"

"பெரியம்மாடா."

"எந்தப் பெரியம்மா?"

அந்தக் குழந்தைக்கு அவளை விட்டால் வேறு பெரியம்மா கிடையாது. "பேட்டரி பெரியம்மா" என்றாள்.

"ஓ. அம்மா வெளிய போயிருக்காங்க. வந்தா சொல்றேன்."

இரண்டு நாள் கழித்துத் தங்கை கூப்பிட்டாள். அவள் அப்போது யாருடைய வீட்டு வாசலிலோ, திறந்த பேனட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஏதாவது பிரச்சினையா?"

"இல்லடி."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்டே?"

"சும்மாதான்" என்றாள்.

தங்கை ஏதாவது சொல்வாள் என்று இருந்தாள். அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தமும் பிள்ளைகள் சண்டையும் கேட்டன. "சரிக்கா, அடுப்புல பால் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்றாள் தங்கை.

"சரிடி. பாத்துக்கோ."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குனிந்து, பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டத் தொடங்கினாள்.