பாவுக் கஞ்சியில் புரண்ட விதை

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஆடி மாதம். திருத்தணியில் நடந்த விவசாயக் கூட்டத்துக்குப் போன கோதண்டபாணி, கையில் ஒரு பாக்கெட்டோடும் வாய் நிறையப் பேச்சோடும் அம்மையார்குப்பம் திரும்பினான். பாக்கெட்டுக்குள் கரித்தூள் மாதிரி ஒரு கறுப்புப் பொடி. அதை முருகன் படத்துக்கு முன்னால் வைத்து விபூதி பூசிக் குங்குமமும் வைத்தான். கட்டியவளுக்கு ஒரு முழம் பூ வாங்கி வரத் தெரியாதவன் கரித்தூளுக்குப் பொட்டு வைக்கிறானே என்று அவன் மனைவி அம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதுல கோடிக்கணக்குல உயிரு கீது. கண்ணுக்குத் தெரியாது. கடலை வேர்ல முடிச்சு முடிச்சா குடித்தனம் பண்ணிகினு, காத்துல கீற சத்த இட்டாந்து செடிக்குக் குடுக்குமாம். இனிமே சாணியே வாணாம். எருமைய அக்காகிட்ட குடுத்துடலாம்.”

பிறந்த வீட்டிலிருந்து கன்றாக அம்சாவோடு வந்த எருமை அது. பள்ளிப்பட்டு நாத்தனார் கௌரியம்மாளுக்கு அதன் மேல் ரொம்ப நாளாகக் கண். தறி ஓடும் வீட்டில் சாணி நாற்றம் எதற்கு என்று வரும்போதெல்லாம் தம்பி காதில் ஓதிவிட்டுப் போவாள்.

“கடலக் கொல்லையப் பாதியாப் பிரிய்யா. ஒரு பாதிக்கு என் சாணி, ஒரு பாதிக்கு உன் பாக்கெட்டு. பூ வெச்சப்புறம் புடுங்கிப் பாப்போம். உன் வேர்ல முடிச்சு அதிகமா இருந்தா உங்கக்கா ஓட்டிகினு போவட்டும்,” என்றாள் அம்சா.

பொடியை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, அதில் விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும் என்பது கூட்டத்தில் சொன்ன பக்குவம். நெசவுக்காரன் வீட்டில் கஞ்சிக்கா பஞ்சம்? தறியில் ஏற்றும் பாவு நூலில் தடவுவதற்கு அம்சா காய்ச்சிய கஞ்சி பானை நிறைய இருந்தது. கோதண்டபாணி அதில் ஒரு சொம்பு மொண்டு பொடியில் ஊற்றினான்.

நூலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பாவுக் கஞ்சியில் மயில்துத்தம் போடுவது வழக்கம். போட்டவளே அம்சாதான். பூஞ்சையைச் சாகடிக்கிற விஷம், கண்ணுக்குத் தெரியாத ஜீவனை மட்டும் மடியில் போட்டுத் தாலாட்டுமா என்ன? சொல்லலாமென்று வாயெடுத்தாள்.

“எட்டப் போ. ஒனக்கு இதெல்லாம் புரியாது,” என்றான் புருஷன்.

புரியாதவளாகவே எட்டப் போய்விட்டாள். போகிற வழியில் சாணிக் கூடையை எடுத்துக்கொண்டாள்.

கடலை பூத்தது. செடி பிடுங்குகிற அன்றைக்குக் கௌரியம்மாள் புதுக் கயிறும் கையுமாக முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பாக்கெட் கொடுத்த விவசாய அதிகாரி துளசிங்கத்தையும் கோதண்டபாணி வெற்றியைப் பார்க்க வரச் சொல்லியிருந்தான்.

அதிகாரி இரண்டு பக்கத்திலும் செடிகளைப் பிடுங்கி மண்ணை உதறினார். அம்சா பக்கத்து வேரில் கேழ்வரகு அப்பியதுபோல் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினார், உள்ளே சிவப்பு. “நல்லா வேலை செய்யுது,” என்றார். கோதண்டபாணி பக்கத்து வேரில் இங்கொன்றும் அங்கொன்றும்தான் ஒட்டியிருந்தது.

“இதுக்கு எரு போடலியா?”

“பாக்கெட்டு போட்டப்புறம் எரு எதுக்கு சார்?”

“ரெண்டையும் சேத்துதானேய்யா போடச் சொன்னேன்? மண்ணுலயே அந்த உயிரு கொஞ்சம் கீது, அதுக்குத் தீனி வாணாமா?” கூட்டத்தில் அவர் அதைச் சொன்னபோது கோதண்டபாணி பீடி பிடிக்க வெளியே போயிருந்தான். “ஆமா, எந்தக் கஞ்சியில கலந்தே?”

“பாவுக் கஞ்சி சார்.”

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். “துத்தம் போட்ட கஞ்சியா? அத்தனையும் அன்னிக்கே செத்திருக்குமேய்யா!”

கோதண்டபாணி பெண்டாட்டி பக்கம் திரும்பினான். “நீதானே காய்ச்சினே? பாத்துகினுதானே இருந்தே?”

“ஆங். பாத்துகினுதான் இருந்தேன்.”

“கோடி உயிருடி! ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?”

அந்தக் கோடியை நினைத்து அம்சாவுக்கும் வருத்தம்தான். ஆனாலும் அவள் குரல் உடைந்தது அதனால் அல்ல.

“கோடி உயிரு ஒனக்குய்யா. எனக்குன்னு இந்த வூட்ல கீறது ஒண்ணுதான். அது கொட்டாயில நின்னுகினு கீது.”

கோதண்டபாணி பிடுங்கிய செடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கௌரியம்மாள் புதுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். அவளை யாரும் இருக்கச் சொல்லவில்லை.